தெற்கு வாசலில் தட்டும் சத்தம்

“சேசு வாரதுக்கு ஒரு முறை இருக்குல்லா மதினி? கண்ட வாசல்ல வந்து கதவத் தட்டினா நாங்க எப்படி ஏத்துக்கிட முடியும்?”

இப்படிக் கேட்டவர் பர்னபாஸ் அண்ணாச்சி, அரிசி ஆலைக்காரர், எங்கள் பனையடிப்பட்டிக் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவையின் தலைவர். கேட்ட இடம் என் வீட்டுக் கூடம். கேட்டபோது அவர் கையில் இருந்தது நான் போட்டுக் கொடுத்த காப்பி. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கே அப்படிச் சொல்லவில்லை என்பார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் கஸ்பாரும் ஆமாம் என்று தலையாட்டுவார். கஸ்பார் பேரவையின் செயலர். தலையாட்டுவதற்குத்தான் அந்தப் பதவி என்பது எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தது.

“எந்த முறை அண்ணாச்சி? மாட்டுத் தொழுவத்துல பிறக்கையில எந்தப் பேரவையில அனுமதி வாங்கினாரு?” என்றேன்.

“அது அந்தக் காலம் மதினி,” என்றார், காப்பியை ஆற்றிக்கொண்டே.

“லுத்கார்த், நீ உள்ள போ,” என்றார் கஸ்பார்.

“நான் உள்ளதான் இருக்கேன். வெளிய நிக்கிறவங்களப் பத்தித்தான் இப்ப பேச்சு,” என்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளையைக் கான்வென்ட்டில் படிக்க வைத்தால் இப்படித்தான் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அது பழகிவிட்டது எனக்கு.

விஷயம் இதுதான். எங்கள் கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் காலரா வருஷத்தில் சாகக் கிடந்தபோது ஊரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாராம். காய்ந்த குருத்தோலை பச்சையாகிற வருஷம் மெசியா வந்து இந்தக் கோயில் கதவைத் தட்டுவார், திறந்துவிடுங்கள் என்று. சின்னப்பிள்ளையில், முதல் நற்கருணைக்குத் தயாராக்குகிற புதுநன்மை வகுப்பில், ஐந்தாம் வாய்ப்பாட்டுக்கு முன்பே இதைத்தான் எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்தார்கள். பச்சையாக்குவது அவர் வேலை, வருவது அவர் வேலை, தட்டுவதும் அவர் வேலை. எழுந்து போய்த் திறப்பது ஒன்றுதான் எங்கள் வேலை. எந்தக் கதவு என்று சாமியார் சொல்லவில்லை. எங்கள் தேரடித் தெருக்காரர்கள் கேட்கவும் இல்லை, அவர்களுக்குக் கோயில் என்றால் தேரடியைப் பார்த்த பெரிய கதவு ஒன்றுதான்.

இந்த வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல, போன வருஷம் குருத்து ஞாயிறு அன்று மந்திரித்துக் கொடுத்த ஓலைச் சிலுவைகளை வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்டு போனோம். இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்து, வருஷம் முழுக்க ஊதுபத்திப் புகையும் தாளிப்புப் புகையும் குடித்து, பல்லி முட்டையிட்டு, எட்டுக்கால் பூச்சி வலை கட்டி, தொட்டால் நொறுங்குகிற பழுப்பு ஓலைகள். அவற்றைக் கோயில் முற்றத்தில் குவித்து எரித்துச் சாம்பலாக்கித்தான் புதன்கிழமை நெற்றியில் பூசுவார்கள். சாமியாருக்குக் கைவேலையாய் இருக்கிற உபதேசியார் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார், பற்றவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார், அப்பவும் பற்றவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து நுங்கு சீவுகிற வாசம் வந்தது, பிறகு தண்ணீர் கசிந்தது, பிறகு அடியிலிருந்து மேலே, பாவாடைக்குச் சாயம் ஏறுகிற மாதிரி, பச்சை ஏறி வந்தது.

யாரும் அலறவில்லை. பர்னபாஸ் அண்ணாச்சி, “ஈரம் பிடிச்சிருக்கு, வெயில்ல காயப் போடுங்க” என்றார். காயப் போட்டோம். வெயில் ஏற ஏறப் பச்சையும் ஏறியது. எதிர்வீட்டுக்காரி தன் ஓலையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பார்த்தாள், பெட்டி குளிர்ந்துபோனதுதான் மிச்சம். சாயங்காலத்துக்குள் ஓலைகள் சிலுவை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு விசிறியாய் விரிந்துவிட்டன. இப்போது இருக்கிற சாமியார் இளவட்டம், பேரவைக்குப் பயந்தவர். “பக்கத்துப் பங்குல கொஞ்சம் சாம்பல் கேட்டு வாங்கலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். வாங்கினார்கள்.

அந்தச் சாம்பலும் நெற்றியில் பட்டு மத்தியானத்துக்குள் பச்சையாகிவிட்டது. சீயக்காய், துணிசோப்பு, தேங்காய் நார், ஒன்றுக்கும் போகவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் முழுக்க ஊரே நெற்றியில் பச்சைச் சிலுவையோடு திரிந்தது. தபால்காரர் பச்சை, ரேஷன் கடைக்காரர் பச்சை, கணக்கு டீச்சர் பச்சை, தொட்டிலில் கிடக்கிற பிள்ளை பச்சை. அதற்கும் பழகிக்கொண்டோம், பச்சைக்கு எடுப்பாக என்ன கலர் சேலை கட்டலாம் என்று பேசுகிற அளவுக்குப் பழகிக்கொண்டோம். பழக முடியாதது ஒன்றுதான். தெற்குத் தெருக்காரர்கள் நெற்றியிலும் அதே பச்சை. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நெற்றியைப் பார்த்து, “பனையடிப்பட்டியா?” என்பார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். எந்தத் தெரு என்று கேட்க மாட்டார். தேரடித் தெருவில் பாதிப் பேருக்கு அதில்தான் தூக்கம் போயிற்று.

மெசியாவைத் தேடுகிற வேலையும் ஆரம்பித்தது. முதலில் பிடித்தது மருந்துக் கம்பெனிக்காக ஊர் ஊராய்ச் சுற்றுகிற ஒரு பையனை. தாடி வைத்திருந்தான், கண் கொஞ்சம் சோகமாய் இருந்தது, போதாதா? அண்ணாச்சி வீட்டில் ஆட்டுக்கறி போட்டு, கால் கழுவி, வெற்றிலை கொடுத்து, “ஆண்டவரே, இனி என்ன செய்யணும்?” என்று கேட்டார்கள். அவன் திருதிருவென்று முழித்துவிட்டு, பசியைத் தூண்டுகிற டானிக் ஒன்று புதிதாய் வந்திருக்கிறது என்று சொன்னான். அதற்கப்புறம் பேரவை கூடி, இனி அடையாளம் சரிபார்க்காமல் யாருக்கும் கறி போடுவதில்லை என்று முடிவெடுத்தது.

என்ன அடையாளம்? கிழக்கேயிருந்து வரணும் என்றார் ஒருவர். கழுதை மேல் வரணும் என்றார் இன்னொருவர். நல்ல குடும்பமாய் இருக்கணும் என்றார் அண்ணாச்சி. மெசியா தாவீதின் வம்சம் என்றால் சும்மாவா, அரச வம்சம் அல்லவா, என்று கேட்டார். கஸ்பார் தலையாட்டினார். இதே கஸ்பார்தான் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம், சேசுவை ஏற்காத பரிசேயர்களைப் பற்றிக் கிண்டலாய்ச் சொல்லுவார்: “தீர்க்கதரிசனத்தை எல்லாம் கரைச்சுக் குடிச்சிருந்தாங்க பிள்ளைகளா, ஆளு முன்னால வந்து நின்னப்ப தெரியாமப் போச்சு! நாசரேத்தூர்க்காரனாம், தச்சன் மகனாம்!” பிள்ளைகள் சிரிக்கும். இவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்.

தெற்கு வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலின் தெற்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. தெற்குத் தெருக்காரர்கள் அது வழியாகத்தான் வரணும், உள்ளே ஒரு தடுப்புக் கிராதிக்குப் பின்னால்தான் உட்காரணும். பிறகு மேற்றிராணியார், எங்கள் பிஷப், வந்து கிராதியை எடுக்கச் சொன்னார். கீழ்ப்படிந்தோம், எடுத்தோம். எடுத்த கையோடு தெற்குக் கதவையும் சாத்தி, உள்பக்கம் குறுக்கே ஒரு பனங்கட்டையை மாட்டினோம், கதவு இற்றுப்போயிருக்கிறது, திறந்தால் ஆபத்து என்று காரணம் சொன்னோம். பெரிய கதவு வழியாக வந்தவர்களைத் தேரடியில் நிறுத்தி வைத்துப் பேசின பேச்சை நான் இங்கே எழுத முடியாது. அப்புறம் அவர்கள் வரவில்லை. தெருக்கோடியில் தகரக் கொட்டகை போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பூசை. வெள்ளைக்காரச் சாமியார் ஒரே கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டி மட்டும் தெற்குக் கதவை ஒட்டி உள்ளேயே இருந்தது. உள்ளே வருகிறவன் முதலில் தண்ணீரைத் தொடணும் என்று அந்த இடத்தில் வைத்தாராம். இப்போது அதில் பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் ஓடாத ஃபேன் ஒன்று.

குளோத்தில்தா தெற்குத் தெரு. கான்வென்ட்டில் பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். லத்தீன் பாட்டுப் பாடினால் மதர் கண்ணை மூடிக் கேட்பார். அவள் மகளுக்கு விபூதிப் புதன் அன்று, ஓலைகள் பச்சையான அதே வாரத்தில், ஏழாம் மாதத்திலேயே பெண்பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் வைத்தால் மணிக்கட்டைத் தாண்டாது. மூச்சு விடுகிறதா என்று பார்க்கக் காதை நெஞ்சில் வைக்கணும். அதன் நெற்றியிலும், யாரும் சாம்பல் பூசாமலே, பச்சை.

“பேத்தி ஞானஸ்நானத்துக்கு நீதான்டி ஞானத்தாயா நிக்கணும்,” என்றாள் என்னிடம், சந்தையில், முருங்கைக்காய்க்கு நடுவில்.

“நிக்கேன். எப்ப?”

“பெரிய கோயில் தொட்டியில வச்சு எப்ப ஊத்துவாங்களோ அப்ப.”

கொட்டகையில் ஞானஸ்நானம் கொடுப்பது பிளாஸ்டிக் பேசினில் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளை கிடக்கிற கிடப்பைப் பார்த்து, “ஏட்டி, காத்திருக்க முடியுமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் முருங்கைக்காயைக் கீழே வைத்தாள். “ஆபத்துன்னா நானே ஒரு செம்புத் தண்ணி எடுத்து ஊத்திருவேன் லுத்து. அது செல்லும்னு எனக்கும் தெரியும், அதே மதர்தான் எனக்கும் சொல்லிக் குடுத்தாங்க. மோட்சத்துக்குப் போறதுக்கு வழி இல்லன்னா கேக்கேன்? மீன் கழுவுற பேசின்ல என் பேத்தி தலைய வைக்க மாட்டேன்னு சொல்லுதேன். அந்தக் கல்லுத் தொட்டிய எங்க தாத்தாமாருதான் மலையில இருந்து உருட்டிக்கிட்டு வந்தாங்க.”

நான் சாமியாரிடம் போனேன். அவர் பேரவையைக் கேளுங்கள் என்றார். பேரவைத் தலைவரிடம் போனேன். மெசியா வருகிற நேரத்தில் சின்ன விஷயங்களைக் கிளப்பாதீர்கள் என்றார். பிள்ளை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஆனால் குளோத்தில்தா ராத்திரியெல்லாம் காதை அதன் நெஞ்சில் வைத்தே உட்கார்ந்திருந்ததால் அவள் காது ஒரு பக்கம் சிவந்து தழும்பாகிவிட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபத்தில் தட்டும் சத்தம் கேட்டது. எல்லாரும் முழங்காலில் இருந்தோம். தெற்குக் கதவை யாரோ வெளியேயிருந்து தட்டினார்கள். அடிக்கவில்லை, உடைக்கவில்லை, அடுத்த வீட்டுக்காரர் உறைமோருக்குத் தட்டுகிற மாதிரித் தட்டினார்கள். உபதேசியார் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. வாசல்படி மட்டும் யாரோ நின்றுவிட்டுப் போன மாதிரி ஈரமாய் இருந்ததாம். அன்றிலிருந்து எந்தப் பூசை ஆரம்பித்தாலும் தட்டல் ஆரம்பித்தது, பூசை முடிந்தால் நின்றது. எலி என்றார்கள். பனங்கட்டை காய்ந்து தெறிக்கிறது என்றார்கள். தெற்குத் தெருப் பையன்கள் சேட்டை என்றார்கள். கடைசியில் தட்டல் கேட்டால் பாட்டைச் சத்தமாய்ப் பாடுங்கள் என்று பாடகர் குழுவுக்கு உத்தரவு வந்தது. நானும் அந்தக் குழுவில்தான் இருக்கிறேன், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அதைக் கேட்கத்தான், முதலில் சொன்னேனே, குருத்து ஞாயிறுக்கு முன்னால் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தது. மதினி ஏன் பாடவில்லை?

“கதவத் தட்டுறாங்க அண்ணாச்சி. கோயில் கட்டின சாமியார் என்ன சொல்லிட்டுச் செத்தாரு? பாடச் சொன்னாரா, திறக்கச் சொன்னாரா?”

அப்போதுதான் அந்த முறைப் பேச்சு வந்தது. குருத்து ஞாயிறு அன்று பவனி முடிந்து வரும்போது பெரிய கதவைச் சாத்தி வைத்திருப்போம். வெளியே சாமியார் பாடுபட்ட சுரூபத்தின், சேசு தொங்குகிற அந்தச் சிலுவையின், அடிக்கட்டையால் கதவைத் தட்டுவார். உள்ளே இருக்கிற பாடகர் குழு, வருகிறது யார் என்று பாட்டாய்க் கேட்கும். ராஜா வருகிறார் என்று வெளியே சொல்வார்கள். கதவு திறக்கும். நூறு வருஷ வழக்கம். வருகிறவருக்கு அந்த வாசல்தான் என்றார் அண்ணாச்சி. கஸ்பாரும் வாயைத் திறந்தார்: “பழைய ஏற்பாட்டுலயே இருக்கு லுத்கார்த். ஒரு வாசல் மூடியேதான் இருக்கணும்னு தீர்க்கதரிசி சொல்லியிருக்காரு.”

“அது ஆண்டவரு நுழைஞ்சு போன வாசல். இந்த வாசல்ல அவர நுழையவே நீங்க விடலையே,” என்றேன். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி கஸ்பாருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

வழி தப்பிவிடக் கூடாது என்று அண்ணாச்சி ஒரு கழுதைக்குட்டியைப் பிடித்துக் கழுவிப் பட்டு போர்த்தித் தேரடியில் கட்டி வைத்தார். வருகிறவர் ஏறி நேரே பெரிய கதவுக்கு வரட்டும் என்று. அது ஞாயிறு விடியவே பச்சை ஓலையைத் தின்றுவிட்டு, கயிற்றையும் கடித்துவிட்டு, சந்து வழியாகப் போய்த் தெற்கு வாசலில் நின்றுகொண்டது. இரண்டு பேர் இழுத்தார்கள், நான்கு பேர் தள்ளினார்கள். கழுதைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

பவனி கிளம்பியது. பாடகர் குழு உள்ளே இருந்தோம். பெரிய கதவில் சாமியார் சுரூபத்தால் தட்டினார். அதே நேரத்தில் தெற்குக் கதவிலும் தட்டல். வருகிறது யார் என்று பாடினோம், நானும் பாடினேன், ஆனால் தெற்கே திரும்பிப் பாடினேன். பெரிய கதவின் பக்கம், ராஜா வருகிறார் என்று பெரிய சத்தம். தெற்கே பதில் இல்லை, தட்டல் மட்டும்.

பெரிய கதவைத் திறந்தார்கள். ஊர் உள்ளே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், யார் அவர், யார் அவர் என்று. அண்ணாச்சி ஒவ்வொரு முகமாய், ஆலையில் அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் தெரிந்த முகம். பழைய முகம். அவர்கள் படி தாண்டத் தாண்ட, கையில் இருந்த குருத்தோலைகள், அன்று காலையில் வெட்டினவை, நுனியிலிருந்து பழுத்து, சுருண்டு, உதிர்ந்தன. நெற்றியில் பச்சை மறைந்து சாம்பல் ஆனது. தரையெல்லாம் ஓலைத்தூள். “பெருக்கிக்கலாம்,” என்றார் கஸ்பார்.

நான் என் பாட்டுத்தாளைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தெற்குக் கதவுக்குப் போனேன். அதன் முன்னால் என்னென்ன குவித்திருந்தார்கள் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலி, கிறிஸ்மஸ் குடிலின் வைக்கோல் கூரை, ஒடிந்த ஒட்டகம், மைக் செட் பெட்டி, மூன்று ராஜாக்களில் ஒரு ராஜா. ஒவ்வொன்றாய் இழுத்துத் தள்ளினேன். யாரும் தடுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். உதவவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் பூவைப் பிடுங்கி எறிந்தேன். அடியில் தண்ணீர் இருந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர், விளிம்பு வரைக்கும்.

கதவில் வாயை வைத்தேன். “குளோத்தில்தா!”

“இங்கதான் இருக்கேன்,” என்றாள். மரத்துக்கு அந்தப் பக்கம் நிறையக் கால்கள் மாறி நிற்கிற சத்தம், ஓலை உரசுகிற சத்தம், கழுதை மூச்சு விடுகிற சத்தம்.

“பிள்ளை?”

“கையில இருக்கு. காலையில இருந்து பால் குடிக்கல. சீக்கிரம்டி.”

“தட்டுறது யாருட்டி?”

அவள் சேலை கதவில் உரசுகிற சத்தம். திரும்பிப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். “எங்க ஆளுதான்,” என்றாள். “வேற யாரு?”

அண்ணாச்சி எனக்குப் பின்னால் வந்து நின்றார். “கேட்டீங்களா மதினி? அவங்க ஆளுதானாம்,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவருக்கு இதற்கு மேல் எந்த மொழியில் சொல்வது? கதவின் குறுக்கே கிடந்த பனங்கட்டையைப் பார்த்தேன். என்றைக்கோ செத்த மரம். அதன் இரண்டு முனையிலும் குருத்து விட்டிருந்தது. இந்த முனைக்குத் தோளைக் கொடுத்துத் தூக்கினேன், அசைந்தது, இரும்புக் கொண்டியை விட்டு வெளியே வந்தது. அந்த முனை மட்டும் கொண்டிக்குள் கெட்டியாய் நின்றது. ஒரு ஆளால் ஆகாது. இரண்டு முனையையும் ஒன்றாகத் தூக்கினால்தான் அது கழலும், மாட்டினதும் இரண்டு ஆள்தான். ஒருவர் அண்ணாச்சியின் அப்பா, ஒருவர் என் மாமனார்.

தோள் எரிந்தது. தட்டல் இப்போது என் கன்னத்துக்கு நேராக, மெதுவாக, அவசரப்படாமல் கேட்டது. பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பீடத்தில் சாமியார் நிற்கிறார், புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு. கஸ்பார் கையில் துடைப்பத்தோடு நிற்கிறார். பாடகர் குழு நிற்கிறது. ஊர் முழுக்க நெற்றியில் சாம்பலோடு நிற்கிறது.

“ஏங்க,” என்றேன் கஸ்பாரிடம். பிறகு சாமியாரிடம். பிறகு எல்லாரிடமும், தொண்டை கிழிய, கோபம் கண்ணில் தண்ணீராய் வர:

“அந்த முனைய யாராவது ஒருத்தர் வந்து தூக்குங்களேன்.”